ஸர் ஆர்தர் காட்டன் துரையும் கல்லணை கற்பித்த பாடமும்

உலகில் நெடுங்காலம் நிலைத்து நிற்கும் கட்டடங்களைக் காணும்போது, அவற்றைக் கட்டுவித்தோர் பெயரை நாம் ஆவலுடன் கேட்டறிகின்றோம். அவற்றிற்குரிய கல் எம்மலையினின்று வந்தது, மண்ணைப் பிசைந்தவர் யார், சுண்ணாம்பை எவ்வாறு பக்குவஞ் செய்தார்கள் என்பவற்றையோ பெரும்பாலும் வினவுவதில்லை. அவ்வாறு வினவிய ஒருவரின் சரித்திரத்தையே நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் இங்கே சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம். அவர் பிற தேசத்தவர், பிற மதத்தினர், கும்பினி சர்க்காரின் ஊழியர். ஆயினும் நம் நாட்டுக் கல்லினிடத்தும் மண்ணினிடத்தும், அவற்றைக் கையாண்ட தொழிலாளரிடத்தும் மாணாக்கராய் அமர்ந்து கற்றவர். காவிரி பாயும் நாட்டாரும் கோதாவரி பாயும் நாட்டாரும் நன்றியுடன் நினைக்கும் ஸர் ஆர்தர் காட்டன் துரையே அவர்.

பிறப்பும் இளமையும்

ஆர்தர் காட்டன் 1803ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். இவர் தந்தையார் ஹென்றி கால்வெலி காட்டன் என்பவர். மக்கள் பதினொருவரில் இவர் பத்தாவது புதல்வர். பெருங்குடும்பத்தில் பின்னே பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் சொத்தைக் காட்டிலும் தன் கல்வியே துணையாதல் வேண்டும் என்பதை இளமையிலேயே உணர்ந்தார் போலும். பதினைந்தாம் வயதில் அடிஸ்கோம்பு என்னும் ஊரில் கும்பினியார் நடத்திவந்த படைக் கல்விச்சாலையிற் சேர்ந்து, எஞ்சினீயர் தொழிலுக்குரிய பயிற்சி பெற்றார். சிலகாலம் வேல்ஸ் நாட்டில் நிலமளக்கும் வேலையிலும் இருந்தார். பின்னர், 1821ஆம் ஆண்டில் சென்னை வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

சென்னை ராஜதானியின் தென்பகுதியில் ஏரிகளைப் பார்வையிடும் பணியும், பாம்பன் கால்வாயை அளந்தறியும் பணியும் அவருக்கு முதலில் வாய்த்தன. 1824 முதல் 1826 வரை நடந்த முதற் பர்மா யுத்தத்திலும் அவர் பங்கு கொண்டார். ஆயினும் போர்த்தொழிலில் அவர் மனம் ஊன்றவில்லை. தெற்கே ஊர்தோறும் கண்ட ஏரிக்கரைகளும் மதகுகளும் கலிங்குகளும் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. எவ்வித இயந்திரமுமின்றி, அருகிற் கிடைக்கும் மண்ணையும் கல்லையுங் கொண்டே இத்துணை நீரைத் தேக்கி ஆண்டவர் யாவர் என்னும் வினா அவருள் எழுந்தது.

அக்காலத்து நம்மவர் வெள்ளையரைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணத்தையும் அவர் பிற்காலத்தில் மறையாது எழுதினார். போர் செய்வதில் இவர்கள் வல்லவரேயாயினும், முன்னோர் செய்து வைத்த நீர்நிலைகளைப் புதிதாய்ச் செய்வது கிடக்க, உள்ளவற்றைப் பழுதுபார்க்கவும் அறியாத ஒருவகை நாகரிகம் படைத்த காட்டுமனிதர் என்று குடிகள் இகழ்ந்து வந்தனராம். அவ்விகழ்ச்சியைக் கேட்டுச் சினவாது, அதில் உண்மை உண்டென ஒப்புக்கொண்டது அவர் பெருந்தன்மையாகும்.

காவிரியின் அந்நாளைய நிலை

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னுமிடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. வடகிளை கொள்ளிடம், தென்கிளை காவிரி. இரண்டுக்கும் நடுவே திருவரங்கத்தீவு அமைந்துள்ளது. கொள்ளிடத்தின் படுகை சரிவு மிகுந்தது. காவிரியின் படுகையோ ஆண்டுதோறும் மணலேறி மேடிட்டு வந்தது. ஆகவே, வயல்களுக்குப் பாயவேண்டிய தண்ணீர் வரவரக் கொள்ளிடத்தின் வழியே கடலிற் சென்று வீணாயிற்று. தஞ்சை நாடு 1799ஆம் ஆண்டில் கும்பினியார் கைப்பட்ட பின்னரும் பல ஆண்டுகள் இக்குறை தீர்ந்தபாடில்லை. ஆற்றில் நீர் ஓடியும் வயல் காய்ந்து கிடந்ததைக் கண்ட குடியானவர் துயரம் சொல்லுந்தரமன்று.

1828ஆம் ஆண்டளவில் காவிரிப் பாசனத்தை ஆராயும் பொறுப்பு காட்டனிடம் வந்தது. அவர் சென்று நின்ற இடம் கல்லணை.

கல்லணையின் அமைப்பு

கரிகாற் சோழன் கட்டியதென்று வழிவழியாகக் கூறப்பெறும் அக்கல்லணை, அப்போதே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையதாக மதிக்கப்பட்டது. 1,080 அடி நீளமும், 40 முதல் 60 அடி வரை அகலமும், 15 முதல் 18 அடி வரை உயரமும் உடையதாய், பாம்பு நெளிவதுபோல வளைந்து கிடந்ததென அந்நூற்றாண்டு எஞ்சினீயர்கள் எழுதி வைத்துள்ளனர். காவிரி நீர் மீண்டும் கொள்ளிடத்தில் வீழ்ந்துவிடாமற் காப்பதே அதன் தொழில்.

ஐரோப்பிய எஞ்சினீயர்களுக்கு வியப்பளித்தது அதன் நீள அகலங்களினும் அதன் உட்பொருளே. உள்ளே செதுக்காத முரட்டுக் கற்களும் களிமண்ணும். மேலே சுண்ணாம்புக் காரைப் பூச்சு. இவையன்றி வேறொன்றுமில்லை. அடியிலோ, தோண்டத் தோண்ட மணலேயன்றிப் பாறை இல்லை. மேல்நாட்டு நூன்முறைப்படி பார்த்தால், ஆழங்காண முடியாத மணலின்மேல் அணை நிற்றல் அரிது; நிற்கச் செய்தலும் பெருஞ்செலவு. ஆனால் அவ்வணையோ நூற்றாண்டுதோறும் வெள்ளத்தைத் தாங்கி நின்றது.

இதன் இரகசியம் யாதெனின் கூறுதும். ஓடும் நீரில் ஒரு பெருங்கல்லை இட்டால், அதனடியிலுள்ள மணல் அரிக்கப்பட்டுக் கல் சிறிது புதையும். அதன்மேல் மற்றொன்றை இட்டால் அதுவும் சிறிது இறங்கும். இவ்வாறு இட இட, மேலும் இறங்க இடமின்றி ஒருநிலையில் கற்குவியல் அமைதியுறும். பிறகு வெள்ளம் வந்து அரிக்கும்தோறும் குவியல் தானே சரிந்து அரிந்த பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். குறைந்த அளவுக்கு மேலே கல்லைக் கொட்டினாற் போதும். இடையிலிட்ட களிமண்ணோ நீர் ஊடுருவாமற் காக்கும், குவியல் அசைந்தால் தானும் நெகிழ்ந்து இசைந்து கொடுக்கும், வெடித்துப் பிளவாது. மேற்பூசிய சுண்ணாம்பு, ஓடும் நீர் மண்ணைக் கரைக்காதபடி தோல்போல் மூடி நிற்கும். கல், மண், சுண்ணாம்பு ஆகிய மூன்றும் தத்தமக்குரிய வேலையைச் செய்தன. ஆற்றோடு போராடாமல் ஆற்றின் இயல்பை அறிந்து அதனையே துணையாக்கிக் கொண்ட முறை இது.

காட்டன் இப்பாடத்தை நன்கு மனத்திற் பதித்துக்கொண்டார். கல்லணைக்குக் கிராண்ட் அணைக்கட்டு எனப் பெயர் வழங்கியவரும் அவரே என்பர். அணைக்கட்டு என்னும் நம் தமிழ்ச் சொல்லே ஆங்கில எஞ்சினீயர் நூல்களிற் புகுந்து, அவர்கள் பாஷையில் ஒரு சொல்லாகவும் நிலைபெற்றது. தொழிலோடு சொல்லும் நம்மிடமிருந்தே சென்றது.

மேலணையும் கீழணையும்

முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே ஓர் அணையிட்டு, காவிரிக்கு உரிய நீரைக் காவிரியிலேயே செலுத்த வேண்டுமென்று காட்டன் சர்க்காருக்கு எழுதினார். கீழே அணைக்கரையில் மற்றோர் அணையிட்டு, கொள்ளிடத்து நீரை வீராணம் ஏரி முதலியவற்றுக்குப் பயன்படுத்தவும் திட்டமிட்டார். இவ்விரண்டும் 1836ஆம் ஆண்டில் நிறைவேறின. இவையே மேலணை, கீழணை எனப்படுவன.

மணலில் அடிப்படையிடுதற்கு அவர் கைக்கொண்டது நம் நாட்டுக் கிணறு இறக்கும் முறை. மரவளையத்தின்மேல் செங்கல்லால் வட்டமாகச் சுவரெழுப்பி, உள்ளிருக்கும் மணலைத் தொழிலாளர் மூழ்கி மூழ்கி எடுக்க எடுக்க, அச்சுவர் தன் பாரத்தாலேயே கீழிறங்கும். வேண்டிய ஆழம் இறங்கியபின் உட்புறத்தைக் கல்லும் சுண்ணாம்பும் இட்டு நிரப்புவர். இவ்வாறு வரிசையாக இறக்கிய கிணறுகளின்மேல் அணைச்சுவர் எழும். வெள்ளம் விழுந்து குழிபறிக்கும் கீழ்ப்புறத்தில் கற்றளம் பரப்பி, அதற்கப்பால் முரட்டுக் கற்களைக் கொட்டி வைப்பர். கல்லணையின் பாடம் இக்கொட்டிய கற்களில் விளங்கிற்று. காட்டன் கல்லணையை அப்படியே படியெடுத்தாரல்லர். அதன் கருத்தைக் கைக்கொண்டு, சுண்ணாம்புக் கட்டுமானத்தையும் தம் கணக்கையும் அதனோடு சேர்த்தார்.

மேலணை கட்டிய சில ஆண்டுகளில் காவிரியில் நீர் அளவுக்கு மிஞ்சிப் புகுந்து கரைகளுக்கும் படுகைக்கும் கேடு செய்யத் தொடங்கியது. எனவே 1840களில் அவ்வணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தவும், காவிரியின் தலைப்பில் படுகையணை அமைக்கவும் நேர்ந்தது. ஆறு உயிருள்ள பொருள். அதனைக் கட்டினவன் ஆண்டுதோறும் அதனைக் கண்காணித்துத் திருத்திவர வேண்டும் என்பதை இது காட்டும்.

இதே காலத்தில் சென்னையிலும் அவர் கல்லைக் குறித்து ஒரு வேலை செய்தார். நகரத்து வீதிகளுக்கு வேண்டிய செம்புரைக்கல் செங்குன்றத்தில் அகப்பட்டது. அதனைக் கொணர்தற்கென்று செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு இருப்புப்பாதை ஒன்று 1837ஆம் ஆண்டில் இவர் முயற்சியால் அமைந்தது. இந்தியாவில் ஓடிய முதல் இருப்புப்பாதை அதுவே. மனிதர் ஏறுதற்குமுன் நம் நாட்டில் ரயிலேறியது கல்லே என்பது வேடிக்கையன்றோ!

கோதாவரி

ஓயாத உழைப்பால் அவர் உடல்நலம் கெட்டது. ஓய்வின்பொருட்டு டாஸ்மேனியாத் தீவு சென்றவர், 1841ஆம் ஆண்டில் எலிஸபெத் லியர்மன்த் என்னும் பெண்மணியை மணந்து, 1843ஆம் ஆண்டில் இந்தியாவுக்குத் திரும்பினார். அப்போது அவர் கண்ட காட்சி கோதாவரிக் கரையில் வாழ்ந்த ஜனங்களின் பரிதாப நிலை.

1833ஆம் ஆண்டையொட்டி நேர்ந்த கொடும்பஞ்சமும், பின் வந்த புயலும் அந்நாட்டைச் சூறையாடியிருந்தன. 1821ஆம் ஆண்டில் ஏறக்குறைய 7,38,000 ஆக இருந்த ராஜமகேந்திரபுரம் ஜில்லாவின் ஜனத்தொகை 1841ஆம் ஆண்டில் 5,61,000 அளவுக்குக் குறைந்தது. பெருகியோடும் பேராற்றின் கரையிலேயே மக்கள் உணவின்றி மடிந்தனர். ஆற்று நீரைத் தடுத்து வயலுக்குத் திருப்பினால் இக்கேடு தீரும் என்று காட்டன் 1844ஆம் ஆண்டில் விரிவான அறிக்கை வரைந்தார். செலவுக்கு அஞ்சிய அதிகாரிகள் தயங்கினர். ஏறத்தாழ நான்கு மைல் அகலமுடைய ஆற்றிலே, மணலின்மேல் அணையா என்று ஐயுற்றோர் பலர். காவிரியில் அவர் செய்துகாட்டியதே அவர்களுக்கு விடையாயிற்று. 1846ஆம் ஆண்டில் உத்தரவு கிடைத்தது. 1847ஆம் ஆண்டில் தவளேஸ்வரத்தில் வேலை தொடங்கியது.

தவளேஸ்வரத்தை அவர் தேர்ந்தெடுத்த காரணங்களைப் பாருங்கள். அங்கே ஆறு நடுத்தீவுகளால் நான்கு கிளையாய்ப் பிரிகின்றது. ஆகவே ஒரே நீளமாய்க் கட்டாது பகுதி பகுதியாய்க் கட்டலாம். கரையருகிலேயே மணற்கல் மலை இருந்தது. கல்லை வெட்டித் தண்டவாளத்தில் வண்டிகளை உருட்டி ஆற்றங்கரை சேர்த்து, படகிலேற்றி வேண்டுமிடத்துக் கொட்டலாம். சுண்ணாம்பும் மரமும் ஆற்றுவழியே வரலாம். தொலைவிலிருந்து விலைகொடுத்துக் கொணர வேண்டிய பொருள் மிகக் குறைவு. பொருள் இருக்குமிடத்தைப் பார்த்து வேலையை அமைத்தமையால், செலவும் சுருங்கியது. பின்னாளில் பழுதுபார்த்தலும் எளிதாயிற்று.

ஆயிரக்கணக்கான கூலியாட்களும், கல் தச்சரும், கொல்லரும், கொத்தரும், படகோட்டிகளும் அங்கே ஐந்தாண்டுகள் உழைத்தனர். அவர்களை ஒருங்குகூட்டி வேலை வாங்குவதில் வீணம் வீரண்ணா என்னும் அந்நாட்டு அதிகாரி காட்டனுக்கு வலக்கை போன்றிருந்தார். 1852ஆம் ஆண்டில், நான்கு பகுதியும் சேர்ந்து ஏறத்தாழ 12,000 அடி நீளமுள்ள அணை நிறைவேறியது. பஞ்சத்தால் நடுங்கிய நிலம் நெல் விளைந்து பிற நாடுகளுக்கும் அனுப்பும் நிலமாயிற்று. அம்முறையையே பின்பற்றிப் பெஜவாடாவில் இரு மலைகளுக்கிடையே கிருஷ்ணா நதிக்கும் 1855ஆம் ஆண்டில் அணை அமைந்தது.

நன்றி மறவாமை

வெற்றி பெற்றோர் தமக்குக் கற்பித்தவரை மறந்துவிடுதல் உலக வழக்கம். காட்டன் அவ்வழக்கத்துக்கு விலக்கானவர். 1874ஆம் ஆண்டில், தம் புகழ் ஓங்கியிருந்த காலத்தில், அவர் வெளிப்படையாக ஓருண்மையை எழுதினார். ஆழங்காண முடியாத மணலில் அடிப்படை நிலைக்கச் செய்யும் வித்தையைத் தாமும் தம்மைச் சேர்ந்தாரும் இந்நாட்டு மக்களிடமே கற்றதாகவும், சென்னை ராஜதானியின் ஆற்றுப்பாசன வேலைகள் இலாபமுடையனவாயிருந்ததற்கும் நட்டத்தில் முடியாததற்கும் அவ்வொரு பாடமே காரணமென்றும், பாலங்களும் அணைகளும் நீர்ப்பாலங்களும் கட்டிய எஞ்சினீயர்கள் இந்நாட்டுப் பழந்தொழிலாளர்க்குப் பெரிதும் கடன்பட்டவர் என்றும் அவர் ஒப்புக்கொண்டார்.

இதனைப் படிக்கும்போது நமக்குப் பெருமிதம் உண்டாகின்றது. உடனே துயரமும் உண்டாகின்றது. கடன்பட்டோம் என்று அவர் எழுதினாரேயன்றி, கற்பித்தவர் பெயர் ஒன்றேனும் நமக்குக் கிட்டவில்லை. கிணற்றுக்குள் மூழ்கி மணலெடுத்தவர் யார்? எந்தக் களிமண் கசியும், எது கசியாது என்று விரலால் நசுக்கிப் பார்த்துச் சொன்னவர் யார்? கல்லின் முகத்தைத் தட்டி, ஒலியால் அதன் குறையை அறிந்தவர் யார்? அவர்களுடைய அறிவு ஏட்டில் ஏறாது, தந்தை கையிலிருந்து மகன் கைக்கு வந்த அறிவு. கை ஓய்ந்தால் அறிவும் ஓயும். அரசு மாறினாலும் கல்லணை நின்றது; ஆனால் அதனைக் கட்டிய கைகளின் வழிமுறை ஒரு தலைமுறை அறுந்தால் எந்த அரசனாலும் மீட்டுத்தர இயலாது.

இறுதிக் காலம்

1860ஆம் ஆண்டில் வேலையினின்று ஓய்வு பெற்ற காட்டனுக்கு அடுத்த ஆண்டில் ஸர் பட்டம் கிடைத்தது. ஆயினும் அவர் பிற்காலம் முழுதும் இனிமையாகச் செல்லவில்லை. அவர் தூண்டுதலால் எழுந்த கர்நூல் கடப்பைக் கால்வாய்த் திட்டம் பெருஞ்செலவில் முடிந்து, எதிர்பார்த்த பயனை அளிக்கவில்லை. கல்லும் மண்ணும் எங்கும் ஒருதன்மையன அல்ல; வண்டல்நிலத்துக்கு ஏற்ற கணக்கு பாறைநிலத்துக்கு ஏற்பதில்லை. இருப்புப்பாதைக்குச் செலவிடுவதினும் கால்வாய்க்குச் செலவிடுதலே ஏழை நாட்டுக்கு நலமென்று அவர் இடைவிடாது வாதாடினார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தின்பின், 1878ஆம் ஆண்டில் பார்லிமெண்டுக் குழுவினர் முன் கடுமையான கேள்விகளுக்கு உட்பட்டும் தம் கொள்கையை விடவில்லை.

முதுமையில் டார்க்கிங் என்னும் ஊரில் வசித்தபோதும் அவர் கை மண்ணை விட்டு நீங்கவில்லை. நிலத்தை ஆழக் கிளறிக் கோதுமை விளைத்தால் மகசூல் பெருகுமா என்று தம் தோட்டத்திலேயே சோதித்து வந்தார். 1899ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24ஆம் நாள், தொண்ணூற்றாறு வயது நிரம்பியவராய் அவர் உயிர் நீத்தார். மறு ஆண்டில் அவர் மகளார் அவருடைய சரித்திரத்தை நூலாக வெளியிட்டார். கோதாவரிக் கரையில் ஊர்தோறும் அவருக்குச் சிலைகள் உண்டு. பழைய தவளேஸ்வரம் அணைக்கு மாற்றாக 1982ஆம் ஆண்டில் நிறைவேறிய புதிய அணைக்கும் அவர் பெயரே இடப்பட்டது.

நாம் கொள்ளத்தக்கது

இச்சரித்திரத்தினின்று நம் சங்கத்தார் கொள்ளத்தக்க படிப்பினை ஒன்றுண்டு. அருகிற் கிடைக்கும் பொருளை, அதன் இயல்பறிந்து, வேண்டிய அளவே எடுத்து, பழுதுபார்க்கத்தக்க வகையிற் கட்டுவதே நெடுங்காலம் நிற்கும் கட்டடத்துக்கு அடிப்படை. இவற்றுள் அளவறிந்து எடுத்தல் என்பதை நாம் மறந்துவருகின்றோம். ஆற்று மணலின்மேல் ஆழமின்றி அமைந்த அணைக்கு அம்மணலே ஆதாரம். மணலை வாரிக்கொண்டு போனால், மேலிருக்கும் கல் எத்துணை உறுதியாயினும் நில்லாது. பிற்காலத்தில் கதவுகள் வைத்து மாற்றியமைக்கப்பெற்ற முக்கொம்பு மேலணையின் மதகுகள் சில 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22ஆம் நாள் இரவு வெள்ளத்தில் வீழ்ந்தன. அதற்குக் காரணங்கள் பலவாகக் கூறப்பட்டன. காரணம் எதுவாயினும், அதன் கீழ்ப்புறம் புதிய கதவணை கட்ட வேண்டியதாயிற்று. படுகையைக் காவாதவன் அணையைக் காவான் என்பது கல்லணை கட்டியோர் அறிந்த உண்மை.

இக்காலத்தில் சிமிட்டியின்றிக் கட்டடம் இல்லை என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. சிமிட்டியின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் உலகில் மனிதர் செயலால் வெளிப்படும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமிட்டி செய்வதனால் உண்டாவது என்று அறிஞர் கணக்கிட்டுள்ளனர். தேவையான இடத்துக்கு அதனை வைத்துக்கொண்டு, ஏனைய இடத்துக்குக் கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் போதுமாவெனச் சிந்தித்தல் அறிவுடைமை.

நம் இல்லங்களிற் பல, பாட்டனார் காலத்தில் மண்சுவரும் சுண்ணாம்புப் பூச்சுமாய்க் கட்டியவை. அவற்றில் ஈரங்கண்டவுடன் மேலே சிமிட்டியைப் பூசிவிடுவது பெருந்தவறு. பழைய சுவர் உள்வாங்கிய ஈரத்தை வெளிவிட்டு உலரும் இயல்புடையது. சிமிட்டி அவ்வழியை அடைத்து விடுவதால், ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அழிக்கும். அத்தகைய சுவருக்குச் சுண்ணாம்பே மருந்து. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரிற் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசத் தெரிந்த முதியோர் இன்னும் சிலர் நம் ஊர்களில் இருக்கின்றனர். அவர்களை அழைத்து வேலை கொடுங்கள். அருகில் இளைஞர் ஒருவரை நிறுத்திக் கற்கச் செய்யுங்கள். அவர்கள் சொல்லும் அளவையும் பக்குவத்தையும், அவர்கள் பெயரோடு எழுதி வையுங்கள்.

கல்லணை கட்டியோர் பெயரை நாம் அறியோம். இனி வருவோர் நம் காலத்துக் கைவல்லுநரைப் பற்றியும் அவ்வாறு கூறும்படி விடாதிருப்பது நம் கையில் உள்ளது. கற்றவன் கற்பித்தவனுக்குக் கடன்பட்டவன் என்று கடல்கடந்து வந்த ஒருவர் உணர்ந்து எழுதினார்; அவ்வுணர்வு நமக்கு அதனினும் மிகுதியாக வேண்டும்.